செருப்புக்கு முன்னால் வரும் காற்று

எங்கள் சமையலறைக் கரப்பான்பூச்சிகளை நான் அடித்ததாகச் சரித்திரம் இல்லை. செருப்பு தரையில் படும்போது அவை சிலிண்டருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருக்கும். நானோ ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இதுவரை விழுந்தது ஒரு டைல்ஸ் விரிசல்தான்.

வயது, கண்ணாடி பவர் என்று சாக்கு சொல்லி வந்தேன். விஷயம் கரப்பானின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு குட்டிக் கொம்புகள். ஒவ்வொன்றிலும் இருநூறு சொச்சம் மெல்லிய ரோமங்கள். ஒவ்வொரு ரோமமும் தனக்கென்று ஒரு வாட்டத்தில்தான் எளிதாகச் சாயும். செருப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்றில் எவையெல்லாம் சாய்ந்தன என்பதை வைத்தே எதிரி எந்தப் பக்கம் என்று தெரிந்துபோகும். சேதி தடித்த நரம்புகள் வழியாக நேரே கால்களை இயக்கும் மார்புப் பகுதிக்கு ஓடுகிறது. தலையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. 1970களில் ஜெஃப்ரி காம்ஹி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் தேரை கரப்பான் மேல் பாய்வதைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். தேரை கிளப்பிய காற்றே அதைக் காட்டிக்கொடுத்திருந்தது. காற்று பட்டுக் கரப்பான் திரும்ப ஆகும் நேரம் சுமார் 50 மில்லி செகண்ட். வெளிச்சத்தைக் கண்டு மனிதன் ஒரு பொத்தானை அழுத்தவே 200 ஆகும். என் விஷயத்தில், 'நாமே அடிப்பதா, மனைவியைக் கூப்பிடுவதா' என்ற ஆலோசனை நேரம் தனி.

கரப்பானுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது என்று எங்கோ படித்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு நடுராத்திரியில் போனேன். வித்தை பலித்தது! சிங்க் ஓரத்தில் ஒன்று அசையாமல் நின்று, மீசையை முன்காலால் வளைத்து வாய்க்குள் இழுத்து, அடியிலிருந்து நுனிவரை நிதானமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. செருப்பை இறக்கினேன். கண்ணுக்கு மறைந்து வந்தவன் காற்றை மறந்துவிட்டேன், கரப்பான் போய்விட்டது.

"ஏங்க, கால்கிட்ட பாருங்க" என்றாள் மனைவி, கதவோரத்திலிருந்து. பாதத்தில் ஏதோ குறுகுறுத்தது. அப்போது நான் துள்ளியதற்கும் தலையின் உத்தரவு வந்ததாக ஞாபகம் இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால், டார்ச்சிலிருந்து கழன்ற சிவப்புத் தாள். அவள் இன்னும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள், வரும் விருந்தாளிகளுக்குக் காட்ட.