காமராஜர் ஏறாத கார்

போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வந்தார். தார்ப்பாயை நான் முழுசாக விலக்கக்கூட இல்லை. பின்பக்க மட்கார்டு ஒரு முழம் தெரிந்ததும், "இம்பாலா" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்த வேலை முடிந்துவிட்டதாம். இம்பாலா என்கிற பெயரில் வண்டி விற்க ஆரம்பித்ததே 1958 மாடலில்தான், இது அதற்கு முன்பே என் தாத்தா வாங்கிய வண்டி என்றேன். "அப்ப பழைய இம்பாலா" என்றார். காபி ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இந்த வண்டிக்குப் பின்விளக்குக் கண்ணாடி அரியலூரில் எப்படிக் கிடைத்தது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும். அதற்கு முன்னால் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை.

பெரம்பலூருக்குப் பக்கத்தில், சின்ன வெங்காயம் காயப்போடுகிற கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் படித்து முடித்துவிட்டது. மூக்கின் மேல் இரண்டு ஓட்டை. அந்த இடத்தில் ஒரு பொம்மை இருந்திருக்க வேண்டும். அது கப்பலாக இருந்தால் பிளைமவுத், முட்டுகிற கிடாயாக இருந்தால் டாட்ஜ், செவ்விந்தியர் தலையாக இருந்தால் பான்டியாக். ஓட்டையை வைத்து என்ன சொல்ல? அதைப் பிடுங்கியது சின்ன மாமா என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரைக் கேட்டால் "ஏதோ பொம்மைடா" என்கிறார். பிடுங்கியபோது அவருக்கு வயது ஏழு. சக்கர மூடிகளையாவது பார்ப்போம் என்றால், இரண்டில் பிளைமவுத் என்றிருக்கிறது, ஒன்றில் டாட்ஜ். நாலாவது, பாட்டியின் எவர்சில்வர் தட்டு.

வண்டியை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அமெரிக்க கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு, 1947-லிருந்து பம்பாய் குர்லாவில் அந்த வண்டிகளைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டி விற்றது. கிரைஸ்லர்காரர்கள் கெட்டிக்காரர்கள். வெளிநாட்டுக்குப் போகிற பிளைமவுத் உடம்பிலேயே டாட்ஜ் முகத்தை வைத்து 'டாட்ஜ் கிங்ஸ்வே' என்பார்கள். டிசோட்டோ முகத்தை வைத்து 'டிசோட்டோ டிப்ளமாட்' என்பார்கள். ஒரே பிள்ளைக்கு அப்பா வீட்டில் ஒரு பெயர், அம்மா வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் திரும்பவும் சேர்த்துவிட்டார்கள். 2007-ல் திரும்பவும் பிரித்துவிட்டார்கள். அரியலூரில் இருக்கும் பெரிய மாமா, திண்ணையை விட்டு இறங்காமலே நாலு தடவை மாவட்டம் மாறினார். அவருக்கே டி.என். 46-ஆ 61-ஆ என்று குழப்பம் இருக்கும்போது, கார் தன் பெயரை மறந்ததில் என்ன ஆச்சரியம்?

ஆனால் ஒன்று மட்டும் வயிற்றெரிச்சல். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு கோடி வருஷம் பழசு. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தார். இன்று வேலி, பலகை, காவல் எல்லாம் உண்டு. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால், அரியலூர் கடலாக இருந்த காலத்து நத்தைக்கும் சிப்பிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு கோடி வருஷத்து மரத்தின் சாதி தெரிகிறது. எழுபத்தைந்து வருஷத்து வண்டியைக் கேட்டால் இம்பாலா.

இம்பாலாகூடப் பரவாயில்லை. "இது காமராஜர் ஏறின வண்டிங்க" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. காமராஜர் போய்வந்த கார் ஊருக்கே தெரியும்: கறுப்பு செவர்லே, எம்.டி.டி. 2727. அதைச் சொன்னால் ஒருத்தரும் அசருவதில்லை. "வாஸ்தவம். அன்னைக்கு அது பஞ்சர். அதான் இதுல ஏறினாரு." சரி, ஒரு தடவை பஞ்சர் ஆகியிருக்கும். ஆனால் பாடாலூரில் ஒரு வீட்டில் பழைய மோரிஸ் நின்றது. அதிலும் அவர் ஏறியிருக்கிறார், செவர்லே பஞ்சர். குன்னத்தில் ஒரு ஆஸ்டின், பஞ்சர். செந்துறையில் ஒரு வில்லிஸ் ஜீப், அங்கே மட்டும் ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம், ஒரு மாறுதலுக்கு. ஜெயங்கொண்டத்தில் கார் இல்லாதவர் ஒருத்தர், தன் அப்பாவின் இரட்டை மாட்டு வண்டியைக் காட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவர்கள் சொல்வதெல்லாம் நிஜமென்றால், திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் போவதற்குள் அந்தச் செவர்லேவுக்குப் பதினோரு பஞ்சர். முதலமைச்சராக இருந்த 1954-லிருந்து 1963 வரை அந்த மனிதர் பள்ளிக்கூடம் திறந்ததே அதிசயம். ரோட்டோரம் ஸ்டெப்னி மாற்றுவதை வேடிக்கை பார்க்கவே நேரம் சரியாக இருந்திருக்கும். அதோடு, ஏறியவர் எங்கே இறங்கினார் என்பதை யாரும் சொல்வதில்லை. ஏறுவதோடு கதை முடிந்துவிடும். ஒருநாள் பொறுக்காமல், "இதுல காமராஜர் ஏறலீங்க, எங்க தாத்தாதான் ஏறினாரு, அவரும் முன்சீட்டுல" என்றேன். வந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது தம்பி, நீங்க அப்ப பொறக்கல" என்றார். அவரும் பிறக்கவில்லை. அவர் என்னைவிடச் சின்னவர்.

தெரியாது என்று சொல்ல நமக்கு வாய் வருவதே இல்லை. எனக்கும் இல்லை. போன வருஷம் வரை இதை நான் 1939 பியூக் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் பியூக் என்று யாராவது கேட்டிருந்தால் திணறியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தால், சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். கையில் பொருளைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

"என்ன வண்டி சார்?"

"அதுதான் தெரியல."

"வண்டியே தெரியாம சாமான் கேட்டா எப்படி சார்?"

இன்ஜின் நம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் ஒரு விவரமானவர். உண்மைதான். 1946-லிருந்து 48 வரையிலான பிளைமவுத் என்றால் பிளாக்கில் 'பி 15' என்று தொடங்கும். எழுத்தைத் தேடிக் கொட்டகையில் தவழ்ந்தேன். கிடைத்தது. தாத்தா காலத்திலேயே ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, சென்னை சிம்சனில் செய்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை மாட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர் சோளக்காட்டில் டிராக்டர் இழுக்கிற அதே ஜாதி. வண்டியின் ஜாதகம் காயலாங்கடைக்குப் போய் அறுபது வருஷம் ஆகியிருக்கும். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு இருபதாயிரம் கட்டி 'வி.ஏ.' என்று தனி நம்பர் வாங்கலாம், ஆனால் வண்டி பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். எங்களுடையது பாதி கார், பாதி கலப்பை.

மரியாதையாக நடத்தியது பேரிங் கடைக்காரர் ஒருத்தர்தான். திருச்சியில். பெயர் கேட்கவில்லை, காமராஜரைக் கேட்கவில்லை. பேரிங் விளிம்பில் பொறித்திருந்த நம்பரைப் பூதக்கண்ணாடியில் படித்தார், உள்ளே போனார், கொண்டுவந்து வைத்தார். ஐந்து நிமிஷம். அமெரிக்காவில் ஹாலண்டர் என்றொரு தடிப் புத்தகம் 1934-லிருந்து வருகிறது. எந்த வண்டிச் சாமான் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். நம் ஊரில் அந்தப் புத்தகம் மனுஷ ரூபத்தில் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பேரிங் மாட்டச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மாதிரிக்குப் பேரிங் எடுத்தபோது வலது பக்கம் சுலபமாக வந்துவிட்டது. இடது பக்கம் அசையவே இல்லை. மெக்கானிக் ஸ்பேனரில் நாலடிக் குழாயைச் சொருகி, அதன் மேல் ஏறி நின்றார். போல்ட்டின் தலையில் ஆங்கில 'எல்' எழுத்து இருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். "எல் போர்டு மாதிரிண்ணே, கத்துக்கிறவங்களுக்கு" என்றார். அதே நொடியில் மடக்கென்று சத்தம்.

அந்தக் காலத்துக் கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடம்புரி மரை. ஓடுகிற ஓட்டத்தில் போல்ட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. இறுக்குகிற திசையில் சுற்றினால்தான் கழலும். இதை அன்று ராத்திரிதான் படித்தேன். மறுநாள் மெக்கானிக்கிடம் சொன்னதற்கு, "வண்டிக்கு மட்டுமாண்ணே?" என்று என் தலையைப் பார்த்தார்.

பின்விளக்குக் கண்ணாடி கதைக்கு இடமில்லாமல் போய்விட்டது. இப்போதைக்கு இடது பின்சக்கரத்தில் ஐந்துக்கு நாலு போல்ட்தான் நிற்கிறது. அரை அங்குலம், இடம்புரி மரை, தலையில் 'எல்' போட்டிருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காமராஜர் தொட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.