ஈசிஜியில் தெரியும், பிரேதப் பரிசோதனையில் தெரியாது

கே: ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த முப்பது வயது ஆண், காலையில் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்று ஊரே சொல்கிறது. சரிதானா?

ப: இருக்கலாம். ஆனால் விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவது. இதயத்தின் மின்சாரம் தாறுமாறாவது வேறு. முன்னது பெரும்பாலும் தடயம் விட்டுப் போகும். பின்னதில் குழாய், வால்வு, தசை எல்லாமே அப்பழுக்கில்லாமல் இருக்கும்; பிரேதப் பரிசோதனை செய்தவர் காரணம் எழுத முடியாமல் திணறுவார். இறந்தவரிடம் தேடிக் கிடைக்காத அந்தக் காரணம், உயிரோடிருக்கும் அவருடைய தம்பி, தங்கை, பிள்ளைகளின் ஈசிஜியில் கிடைக்கக்கூடும். அதனால்தான் கேட்கிறேன்: அவர்களுக்கு யாராவது ஈசிஜி எடுத்தார்களா?

கே: இதயத்துக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

ப: உப்பிலிருந்து. இதயத் தசையின் செல்லுக்கு வெளியே, உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் சோடியம் இருக்கிறது. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் சோடியம் சேனல் ஒரு கணம் திறந்ததும் அது பாய்ந்து உள்ளே வருகிறது. மைனஸ் 90 மில்லிவோல்ட் அளவில் இருந்த செல் நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் பிளஸ் பக்கம் தாவுகிறது. உடனே சேனல் மூடிக்கொள்ள வேண்டும். துடிப்பு ஒழுங்காக இருப்பது இந்தத் திறப்பாலும் மூடலாலும்தான். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பை வைத்து இந்தக் கணக்கைப் போட்டு 1952இல் வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு. நம் இதயத்தில் இருக்கும் வகைக்கு நேவ் 1.5 என்று பெயர். 2016 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அதற்கான மரபணு எஸ்சிஎன்5ஏ, மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது.

கே: அப்படியானால் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் இந்த நோய் குறையுமா?

ப: குறையாது. ரத்தத்தில் சோடியத்தின் அளவைச் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. பிழை உப்பில் இல்லை, உப்பு நுழையும் வழியில் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்காகக் குறைக்கச் சொன்னால் தாராளமாகக் குறையுங்கள்.

கே: அந்த வழியில் என்ன பிழை வர முடியும்?

ப: இரண்டு விதம், ஒன்றுக்கொன்று நேர் எதிர். மூடவேண்டிய சேனல் சரியாக மூடாமல், இறுக்கியும் சொட்டும் குழாய் போல சோடியத்தைக் கசியவிட்டால் செல் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகும். ஈசிஜியில் அந்தத் தாமதத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி நீளும். இது மூன்றாம் வகை நீள்க்யூடி நோய். 1995இல் முதலில் கண்டுபிடித்த பிழையில் 2016 அமினோ அமிலங்களில் மூன்றே மூன்று காணாமல் போயிருந்தன. மாறாக, சேனல் போதுமான அளவு வேலை செய்யாவிட்டால் வருவது புருகாடா நோய்; அதை இதே மரபணுவோடு 1998இல் இணைத்தார்கள். சோடியம் சேனலை அடைக்கும் மெக்சிலெட்டின் மாத்திரை மூன்றாம் வகை நீள்க்யூடிக்காரருக்கு உதவுகிறது. அதே வேலையைச் செய்யும் பிளெகெய்னைடைப் புருகாடா நோயாளிக்குக் கொடுத்தால், மறைந்திருந்த நோய் வெளியே வந்துவிடும். மருத்துவமனையில் கண்காணிப்போடு கொடுத்தால் அது பரிசோதனை. தெரியாமல் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து.

கே: இரண்டும் ஒரே ஆளுக்கு வருமா?

ப: வந்திருக்கிறது. நெதர்லாந்தில் பல தலைமுறைகள் கொண்ட ஒரு பெரிய குடும்பம். இரவில் திடீர் மரணங்கள். 1999இல் மரபணுவைப் படித்தார்கள்: 1795ஆம் இடத்தை ஒட்டி ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதலாகச் செருகியிருந்தது. அந்த ஒன்றால் இதயம் மெதுவாகத் துடிக்கும்போது க்யூடி நீண்டது, வேகமாகத் துடிக்கும்போது புருகாடா சாயல் தெரிந்தது. ஒரு எழுத்துப் பிழை இரண்டு நோய்களையும் தந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்புதான். மெதுவான துடிப்பில்தான் ஆபத்து என்று புரிந்ததும், அந்தக் குடும்பத்தாருக்குப் பேஸ்மேக்கர் வைத்துக் காப்பாற்றினார்கள்.

கே: புருகாடா என்பது ஊர்ப் பெயரா?

ப: அண்ணன் தம்பிகளின் பெயர். பெத்ரோ புருகாடாவும் ஜோசப் புருகாடாவும் 1992இல் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆனால் கதை 1986இல் தொடங்குகிறது. போலந்திலிருந்து மூன்று வயதுப் பையனை அவனுடைய அப்பா நெதர்லாந்துக்குக் கொண்டுவந்தார். பலமுறை மயங்கி விழுந்த பிள்ளையை அவரே மீட்டிருந்தார். அவனுடைய அக்காவும் அதேபோல மயங்கி மயங்கி இரண்டு வயதிலேயே இறந்துபோயிருந்தாள். பெத்ரோ இரண்டு குழந்தைகளின் ஈசிஜியையும் அருகருகே வைத்துப் பார்த்தார், ஒன்றுபோல இருந்தன. அக்காவின் ஈசிஜியைத் தூக்கிப் போடாமல் யாரோ வைத்திருந்ததால்தான் ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்தது.

கே: தாய்லாந்தில் இதைப் பேய் வேலை என்கிறார்களாமே?

ப: வடகிழக்குத் தாய்லாந்தில் வாட்டசாட்டமான இளைஞர்கள் தூக்கத்தில் முனகி, மூச்சுத் திணறி இறந்தார்கள். ஊர்க்காரர்கள் லாய் தாய் என்றார்கள். கைம்பெண் பேய் ஆண்களைத் தேடி வருகிறது என்று பயந்து, வீட்டு வாசலில் மரத்தில் செய்த ஆண்குறி உருவங்களைத் தொங்கவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் பங்குங்குட், ஜப்பானில் பொக்குரி. 1980களில் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன தாய்லாந்து இளைஞர்கள் பலர் இப்படியே தூக்கத்தில் போனார்கள். 1997இல் நதமனீ என்ற தாய்லாந்து மருத்துவர், இப்படிச் செத்துப் பிழைத்தவர்களின் ஈசிஜியில் புருகாடா அடையாளத்தைக் காட்டினார். 2002இல் இரண்டும் ஒரே நோய் என்று மரபணுவும் சொன்னது. அந்த மக்களைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமும் காரணம் சொல்லாத மரணத்துக்கு அவர்கள் கைக்கு எட்டிய காரணத்தைச் சொன்னார்கள்.

கே: குற்றம் முழுக்கச் சோடியம் சேனலுடையதுதானா?

ப: இல்லை. சேனலைச் சரியான இடத்தில் நிறுத்த ஆங்கிரின் என்ற புரதம் வேண்டும். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் அந்தச் செய்தியைக் கால்மோடுலின் என்ற சிறு புரதம் வாங்கி, காம்கைனேஸ் என்ற நொதிக்குக் கொடுக்கிறது. அது சேனலின் மேல் பாஸ்பேட்டை ஒட்டினால் சோடியக் கசிவு கூடுகிறது. செய்தி கொண்டுபோகும் புரதத்தில் பிழை வந்தால், சேனல் நன்றாக இருந்தும் துடிப்பு கெடும்.

ஆஸ்திரேலியாவில் கேத்லீன் ஃபோல்பிக் என்ற தாய் 1989க்கும் 1999க்கும் இடையே நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்தார். அவரே கொன்றார் என்று 2003இல் தீர்ப்பு. மருத்துவச் சாட்சியம் பலமாக இல்லை. அவருடைய நாட்குறிப்பு வரிகளை வைத்து வழக்கைக் கட்டினார்கள். பின்னர் கரோலா வினுவேசாவும் சக விஞ்ஞானிகளும் மரபணுக்களைப் படித்தபோது, இரண்டு பெண் குழந்தைகளிடமும் தாயிடமும் கால்மோடுலின் மரபணு ஒன்றில் ஒரே பிழை இருந்தது. கால்சியம் சேனல்கள் இரண்டின்மேல் அந்தப் புரதத்தின் பிடியை அது தளர்த்துகிறது என்று ஆய்வகமும் காட்டியது. ஆண் குழந்தைகளிடம் அந்தப் பிழை இல்லை. ஆனாலும் நான்கும் கொலை என்ற வாதம் உடைந்தது. 2023 ஜூனில் மன்னிப்பு, டிசம்பரில் தீர்ப்பு ரத்து. நடுவில் இருபது ஆண்டு சிறை. நாட்குறிப்பைப் படித்த அக்கறையோடு ஒரு ரத்த மாதிரியையும் படித்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு ஆறவில்லை.

கே: பேத்தை மீனின் விஷம் சோடியம் சேனலை அடைக்கும் என்று படித்தேன். இதயமும் நிற்குமா?

ப: நரம்பில் இருக்கும் சேனல்தான் அதற்குச் சட்டென்று மாட்டும். இதயச் சேனலில் ஒரு இடத்தில் அமினோ அமிலம் மாறியிருப்பதால் விஷம் அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது. மூச்சுத் தசை செயலிழந்துதான் ஆள் போகிறார். எப்படிப் போனாலும் போவதுதான். அந்த மீனைத் தொடாதீர்கள்.

கே: புருகாடா இருப்பவர் காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டுமா?

ப: கட்டாயம். உடல் சூடு ஏறினால் பழுதான சேனல் இன்னும் சீக்கிரம் முடங்கும். காய்ச்சல் தொடங்கியதுமே பாராசிட்டமால், உடனே மருத்துவரிடம் போய் ஈசிஜி.

கே: தீர்க்க வழி உண்டா?

ப: பிழையை அழிக்க இன்னும் முடியவில்லை, ஆபத்தைத் தடுக்கலாம். நெஞ்சில் பொருத்தும் ஐசிடி கருவி துடிப்பு குலைந்ததும் அதிர்ச்சி கொடுத்து மீட்கும். சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்த பழைய குவினிடின் புருகாடாவில் இன்றும் உதவுகிறது. அதே நதமனீ 2011இல், வலது கீழறையின் வெளிப்புறத்தில் ஒரு சிறு பகுதியைச் சுட்டு ஈசிஜியையே சரியாக்கிக் காட்டினார்.

கே: என் சித்தப்பா 34 வயதில் தூக்கத்தில் போனார். அப்பா அடிக்கடி மயங்குவார். நான் என்ன செய்ய?

ப: இந்த வாரமே அப்பாவும் நீங்களும் ஈசிஜி எடுங்கள். மேல் நெஞ்சில், மின்முனைகளை ஒன்றிரண்டு விலா இடைவெளி ஏற்றி வைத்தும் ஒருமுறை பதியச் சொல்லுங்கள். புருகாடா அடையாளம் சிலருக்கு அங்கேதான் தெரியும். ஒருமுறை சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், அது வந்து வந்து போகும். மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் நிம்மதியாகிவிடாதீர்கள்: புருகாடா நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம்தான் எஸ்சிஎன்5ஏ பிழை கிடைக்கிறது. பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. குடும்பத்தில் இளவயதில் இறந்தவர், காரணமில்லாமல் மயங்கியவர், வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டவர், தண்ணீரில் மூழ்கிய நல்ல நீச்சல்காரர் என எல்லாரையும் வயதோடு ஒரு தாளில் எழுதி, இதய மின்னியல் தெரிந்த மருத்துவரிடம் கொடுங்கள். சித்தப்பாவின் பழைய ஈசிஜி வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.