மேடம், ஒரு சின்ன லெட்டர்

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் இவரைப் பார்க்கலாம். கையில் ஃபைல், காதில் போன். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர். எப்போதோ ஒரு தொண்டு நிறுவனத்தில் வாலன்டியராக இருந்தவர். அன்று இவருக்கு மேலே இருந்து வேலை வாங்கிய வெள்ளைக்கார மேடம் இன்று லீட்ஸில் இருக்கிறார். நம்மாளுக்கும் இங்கிலாந்து யோகம் கூடி வந்திருக்கிறது. குறுக்கே நிற்பது ‘எல்ஓஆர்’ என்ற பரிந்துரைக் கடிதம்.

மேடம்கள் இந்தப் பக்கம் வருவது அதிசயமில்லை. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனைக்குக் கடல் தாண்டியும் ஆட்கள் வந்து தங்கி வேலை செய்திருக்கிறார்கள். நம்மாள் இருந்தது வேறொரு சின்ன நிறுவனம், பெயர் வேண்டாம்.

நாலைந்து வருஷமாக மேடத்துக்கு ஒரு ‘ஹாய்’கூடப் போகவில்லை. திடீரென்று ஒரு நாள், 2019-ல் மேடம் போட்ட நாய்க்குட்டிப் படத்துக்கு ஃபேஸ்புக்கில் ஓர் இதயம் விழும். அடுத்து கிறிஸ்துமஸ் வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து. பொங்கலுக்கு வாழ்த்தோடு, பொங்கல் என்றால் என்ன என்ற விளக்கமும் போகும். மேடம் அரூரிலேயே இரண்டு பொங்கல் சாப்பிட்டவர் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

பிறகுதான் மெயில். ‘ரெஸ்பெக்டட் மேடம்’ என்று தொடங்கி, லீட்ஸின் குளிர், மேடத்தின் அம்மா உடம்பு, தன் தங்கை கல்யாணம் எல்லாம் தாண்டி எட்டாவது வரியில் விஷயம் வரும். கடைசித் தேதி கடைசி வரியில்: நாளை நள்ளிரவு. அங்கே நள்ளிரவென்றால் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை. அந்த ஐந்தரை மணி நேரத்தையும் நம்மாள் கையிருப்பில் வைத்திருப்பார்.

மெயிலோடு ஒரு ஃபைலும் இருக்கும். “நீங்க பிஸின்னு தெரியும் மேடம், அதான் நானே எழுதிட்டேன்.” அதில் டைனமிக், டீம் பிளேயர், லீடர்ஷிப் மூன்றும் இரண்டிரண்டு தடவை வரும். இதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. “நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன்” என்று சொல்லாத பேராசிரியர் நம்மூரில் எத்தனை பேர்? ஸ்கூல் டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் கண்ணாடியை உடைத்தவனுக்கும் ‘நன்று’தான், உடைக்காதவனுக்கும் ‘நன்று’தான். அதற்கப்புறம் பச்சை மை கையெழுத்துக்காக கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்ற பரம்பரை. அப்பாவின் சந்தேகம் இன்னும் நேரடியானது: “ஏன்டா, நம்ம எம்எல்ஏ லெட்டர்பேடுல வாங்கினா செல்லாதா?”

செல்லாது. அங்கே கேட்கிற கேள்வி வேறு. இவரை எத்தனை நாளாகத் தெரியும், என்ன வேலை கொடுத்தீர்கள், உங்களிடம் வேலை பார்த்தவர்களில் இவர் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா, ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று குடைவார்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு பேரிடம் ரெஃபரன்ஸ் வாங்க வேண்டும். 2,800 மணி நேர வேலை அனுபவமும் காட்ட வேண்டும். வாலன்டியர் வேலையும் அதில் சேரும் என்று தெரிந்த அன்று நம்மாள் ராத்திரி முழுக்கக் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். என்.எஸ்.எஸ்.ஸின் 240 மணி நேரம் உள்ளே வந்தது. அரூர் பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும் எப்படியோ வந்து சேர்ந்தது.

உதாரணம் சொல்லிப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இந்தப் பகுதியை ஆண்ட தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, தன் அரசனை வீரன் சூரன் என்று அடுக்கவில்லை. உங்கள் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூடிப் பளபளக்கின்றன. அவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார், அவ்வளவுதான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. ரெஃபரன்ஸ் என்றால் அதுதான் ரெஃபரன்ஸ். நம்மாளும் அதைப் படித்திருப்பார், பரீட்சைக்கு.

மேடம் நல்லவர். நம்மாள் அனுப்பிய ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே தானே ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். மலைக் கிராமம் ஒன்றில் பேரனை எடை பார்க்க விடமாட்டேன் என்று ஒரு பாட்டி விரட்டியதும், மற்றவர்கள் ஜீப்புக்குத் திரும்பிவிட்டதும், இந்தப் பையன் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி போட்ட கேழ்வரகுக் களியையும் கீரையையும் சாப்பிட்டுக்கொண்டே முக்கால் மணி நேரம் ஊர்க்கதை பேசியதும், கடைசியில் பாட்டியே பேரனைத் தூக்கித் தராசில் வைத்ததும் அதில் இருந்தன. எடை எத்தனை கிலோ என்பதுகூட மேடத்துக்கு நினைவிருந்தது.

படித்துவிட்டு நம்மாள் ஆடிப்போனார். “களி தின்னதையெல்லாமா எழுதுவாங்க? லண்டன்காரன் படிச்சா என்ன நினைப்பான்?” லீடர்ஷிப் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. உடனே பணிவாக ஒரு மெயில் தட்டினார்: களியை எடுத்துவிட்டு லீடர்ஷிப்பைச் சேர்க்க முடியுமா மேடம்?

நொடியில் பதில் வந்தது. மேடம் விடுமுறையில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் மெயில் பார்ப்பார் என்று கம்ப்யூட்டர் தானாக அனுப்பியது. நம்மாள் அதற்கும் ‘தேங்க் யூ மேடம், என்ஜாய் யுவர் ஹாலிடே’ என்று ரிப்ளை போட்டுவிட்டு, இரண்டாவது ரெஃபரன்ஸுக்காகப் பழைய எச்.எம். வீட்டுக்கு பைக்கைக் கிளப்பினார். பையில் ஃபைல் தயாராக இருந்தது. மேலே பெயரை மட்டும் மாற்றினால் போதும்.