லைப்ரரியன் சாருக்கு ஒரு பீரியட்

கல்லூரியில் எந்தப் பேராசிரியர் வீட்டில் காதுகுத்து நடந்தாலும் லைப்ரரியன் சாரின் முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கு ஒரு பீரியட் காலி. "பசங்க சும்மா இருந்தா கத்துவானுங்க சார். நீங்க வந்து லைப்ரரியப் பத்தி ஏதாச்சும் பேசுங்களேன்" என்று துறைத்தலைவர் போன் போடுவார். சார் பென்டிரைவோடு கிளம்பிவிடுவார்.

அதில் அறுபது ஸ்லைடு. தகவலை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படி நம்புவது, எடுத்ததை யாரிடமிருந்து எடுத்தோம் என்று எப்படிச் சொல்வது; மொத்தம் ஆறு மணி நேரச் சரக்கு. 'அண்ட்', 'ஆர்', 'நாட்' மூன்றையும் தேடும் சொற்களுக்கு நடுவே இடம் பார்த்துப் போட்டால் லட்சம் குப்பை இருபது கட்டுரையாகச் சுருங்கும் விந்தையை உருகி உருகி விளக்கிவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்பார். கடைசி பெஞ்சில் ஒரு கை உயரும். "லைப்ரரி வைஃபை பாஸ்வேர்டு என்ன சார்?"

முதலாண்டு மாணவர்களின் வரவேற்பு நாளில் அவருக்கென்று இருபது நிமிடம் முறைப்படி ஒதுக்கியிருப்பார்கள். தாளாளர் பேசி, முதல்வர் பேசி, ராகிங் தடுப்புக் குழுவும் பேசி ஓயும்போது பிரியாணி வாசனை அரங்குக்குள் வந்திருக்கும். "லைப்ரரி செகண்ட் ஃப்ளோர். ஐ.டி. கார்டு இல்லாம வராதீங்க." அவ்வளவுதான், அந்த வருடத்துப் பயிற்சி முடிந்தது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான அறிக்கையில் இதுவே 'யூசர் எஜுகேஷன் புரோகிராம்' என்று புகைப்படத்தோடு ஏறும். படத்தில் மாணவர்கள் அத்தனை பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாரின் இருக்கைக்கு மேலே இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் படம். ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தன்று மாலை விழும். "இவரும் பிரசிடென்சில கணக்கு வாத்தியார்தான். 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா வந்தார்" என்று கணிதத் துறைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். "பிரமோஷனா சார், பனிஷ்மென்ட்டா?" என்பார்கள் அவர்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. "சார், இந்தப் புக் அர்ஜென்ட்" என்று ஒரு பையன் சீட்டை நீட்டுவான். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். சார் நூலகத்தின் ஓபேக் பட்டியலில் தேடுவார், நூலகங்களை இணைக்கும் டெல்நெட்டில் தேடுவார், பிற பல்கலைக்கழகப் பட்டியல்களையும் துழாவுவார். கடைசியில், "தம்பி, இந்தப் புக்க யாரும் இன்னும் எழுதவே இல்லப்பா" என்பார். "சாட்ஜிபிடி குடுத்துச்சே சார்!" வெளியே போனதும் அவன் நண்பனிடம் சொல்வான்: "நம்ம லைப்ரரில ஒரு மண்ணும் இல்லடா."

ஆய்வு மாணவர்கள் இன்னொரு ரகம். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதி. நாற்பத்து மூன்றோடு வந்து, "எட்டாக்கிக் குடுங்க சார்" என்பார் ஒருவர், தையல்காரரிடம் பேன்ட் கொடுப்பதுபோல. மேற்கோள் காட்டப் பழகுங்கள் என்று சார் சொன்னதைக் கேட்காமல், சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் மென்பொருளிடம் போவார். அது செயற்கை நுண்ணறிவைப் 'போலிப் பிரக்ஞை' என்றும், மார்பகப் புற்றுநோயை 'நெஞ்சகப் பேராபத்து' என்றும் ஆக்கித் தரும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இதே ரகச் சொற்களோடு சர்வதேச இதழ்களில் அச்சேறிய கட்டுரைகளை 2021இல் கொத்தாகப் பிடித்துக் காட்டினார்கள்.

பிஎச்.டி.க்கு ஆய்வு நெறி பற்றிய இரண்டு கிரெடிட் பாடத்தை 2019 டிசம்பரில் யுஜிசி கட்டாயமாக்கியபோது சார் மைசூர்பாகு வாங்கி வந்தார். தரவுத்தளங்களைக் கையாளுவது அதில் ஓர் அலகு. அந்தப் பாடம் யாருக்கு வொர்க்லோடு குறைவோ அவருக்குப் போனது. சாரிடமிருந்து ஸ்லைடுகள் மட்டும் போயின.

ஆனால் ஏப்ரல் மாதம் அவருடையது. நோ டியூஸ் கையெழுத்துக்கு வரிசை மாடிப்படி வரை நிற்கும். மூன்று வருடமாக உள்ளே வராதவனையும் நிறுத்தி, "தம்பி, ஷோத்கங்கான்னா என்ன தெரியுமா?" என்பார். எல்லோரும் பணிவாகத் தலையாட்டுவார்கள். அது ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம் என்று ஒருவருக்கும் தெரியாது.

பேராசிரியப் பெருமக்களே, உங்கள் வீட்டு விசேஷத்துக்காகக் காத்திருக்க வைக்காமல், அசைன்மென்ட் கொடுக்கும் அதே வாரத்தில் சாருக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்கள். பையன் எங்கே, எப்படித் தேடினான் என்பதற்கும் ஐந்து மார்க் வையுங்கள். மார்க் இருந்தால் வருவான். அன்றைக்கு லீவு போடாமல் நீங்களும் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். உங்களுக்கும் தேடத் தெரியாது என்று சாருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார்.