டைலுக்கு மேல் டைல்

கேள்வி: பழைய டைலை உடைக்காமல், மேலேயே புதிது பதிக்கலாம் என்கிறார் மேசன் பாஸ். நம்பலாமா?
– ஒரு வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: தாராளமாக. 2020இல் இலங்கை அரசு டைல் இறக்குமதியை நிறுத்தி நம்மைத் தவிக்கவிட்டதே, அதற்குப் பிறகு உடைக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் முதலில் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் போடுவதைக் கழற்றத்தான் வேண்டும். மற்றவற்றின் பளபளப்பை கிரைண்டரால் சுரண்டிவிட்டு டைல் கம் போட்டு ஒட்டச் சொல்லுங்கள்; வெறும் சீமெந்துச் சாந்து அங்கே பிடிக்காது. தரை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். கதவின் அடியைச் சீவும் கூலியை பாஸ் இப்போது சொல்லமாட்டார், கதவு திறக்காதபோது சொல்வார்! குளியலறையில் மட்டும் அவசரப்படாதீர்கள். கசிவு இருந்தால் அதற்கும் சேர்த்தே டைல் பதித்துவிடுவீர்கள். கீழ்மாடிக்காரர் குடையோடு வந்து கதவைத் தட்டுவார்.