தலைக்கணக்கின் பெருமை

சிங்கப்பூரில் மானியங்களுக்கான வருமானச் சோதனையைப் போல நடுநிலையான ஒன்றைக் காண்பது அரிது. இனம் பார்க்காது, மொழி பார்க்காது, முகம் பார்க்காது. ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பத்தார் சம்பாதிப்பதைக் கூட்டும், தலைகளால் வகுக்கும், விடை சொல்லும். முதுமைமறதி நோய் புகுந்த வீட்டின் கஷ்டமெல்லாம் முகத்தில்தான் எழுதியிருக்கிறது என்றால், அது முகங்களின் பிழை.

புக்கிட் பாஞ்சாங்கில், பெட்டிர் சாலையில் நாலறை வீவக வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாமியார், மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 6,000 வெள்ளி, மருமகளுக்கு 3,000. தலைக்கு 1,800. ஒருநாள் மாமியார் எல்ஆர்டியில் ஏறி, இறங்க வேண்டிய நிலையம் மறந்துபோய், வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். மருமகள் வேலையை விடுகிறார். தலைக்கு 1,200. அளவுகோல் இதையும் ஏற்றுக்கொள்ளும். கூடுதல் உதவிக்குக்கூட வழிவிடும். அந்தப் பெருந்தன்மையை மறுக்க முடியாது. மருமகளின் மத்திய சேமநிதியில் முதலாளி பங்கும் அவர் பங்குமாக மாதம் 1,110 வெள்ளி சேர்ந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது. இருபது ஆண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு வரப்போகும் வறுமையை அளவுகோல் கேட்பதில்லை. இன்றைய கணக்கில் அத்தனை கவனம் அதற்கு.

பொங்கோலில் கட்டிக்கொடுத்த மகள் அம்மாவுக்காக மாதம் 500 வெள்ளி தருகிறார். அவர் இந்த வீட்டுத் தலை இல்லை. இங்கே அவர் பெயர் வராது. அவர் வீட்டுக் கணக்கிலோ அந்த 500ம் அவர்கள் அனுபவிக்கும் வருமானம். ஒரு வீட்டுத் துயரத்தை இன்னொரு வீட்டோடு சேர்த்துக் குழப்பாத ஒழுங்கு அது.

உடல்நிலை மதிப்பீடு இன்னும் நுட்பமானது. உண்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுவது, நடமாடுவது ஆகிய ஆறில் மூன்றிலாவது எப்போதும் பிறர் உதவி தேவைப்பட்டால்தான் இல்லப் பராமரிப்பு மானியம். மதிப்பீட்டாளர் வரும் நாளில் அம்மா நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்திருப்பார். "எல்லாம் நானே பார்த்துக்குவேன், காப்பி குடிக்கிறீங்களா?" என்பார். மதிப்பீட்டாளர் பண்பானவர், வீட்டாரையும் கேட்பார். ஆனால் மாமியாரை வைத்துக்கொண்டு அவரைக் குறைத்துப் பேச எந்த மருமகளுக்கு வாய் வரும்? அன்றிரவு இரண்டு மணிக்கு அம்மா கதவைத் திறந்து, "வேலைக்கு நேரமாச்சு" என்று கிளம்புவார். நடமாட்டத்தில் அவருக்குக் குறையே இல்லை என்று மதிப்பீடு சொல்வது முழு உண்மை. அந்த நடமாட்டத்துக்காகத்தான் ஒரு பெண் வேலையை விட்டார்.

ஆய்வாளர்களின் அளவுகோலும் அடக்கமானது. ஸ்டீவன் ஸாரிட் 1980இல் தொடங்கிவைத்த பராமரிப்புச் சுமை வினாத்தாள் உலகெங்கும் புழங்குகிறது. இன்று பரவலாக உள்ள அதன் 22 கேள்விகளில் பணம் போதவில்லையா என்று கேட்பது ஒன்றே ஒன்று. அதற்கு எப்போதாவது, அடிக்கடி என்று பதில் சொல்லலாம். எத்தனை வெள்ளி என்று சொல்ல இடமில்லை.

இதையெல்லாம் அளக்கவே முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மனநலக் கழகம் முன்னின்று நடத்திய முதியோர் நல்வாழ்வு ஆய்வை வைத்து, குடும்பத்தார் கூலியின்றிப் பார்க்கும் வேலைக்கும் விலைபோட்டு, 2013ஆம் ஆண்டில் முதுமைமறதி நோயால் ஆன செலவு 532 மில்லியன் வெள்ளி, நோயாளி ஒருவருக்கு 10,245 வெள்ளி என்று கணக்கிட்டார்கள். நாட்டுக்குப் போட முடிந்த கணக்கை ஒரு வீட்டுக்குப் போட என்ன தடை?

மானியம் 2019இல் 200 வெள்ளியாகத் தொடங்கியது. 2023இல் 400 வரை உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். தொகையை உயர்த்தியவர்கள் கேள்விகளையும் கூட்டட்டும். வேலையை விட்டவர் யார், இரவில் விழித்திருப்பவர் யார், வெளியிலிருந்து பணம் தருபவர் யார் என்று படிவத்தில் கேளுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மதிப்பீட்டாளரைத் தனியே அழைத்துப்போய், இரவு இரண்டு மணிக்கு நடப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.