லைசன் எதுக்கு, ஏணி பத்தாதா?

வாங்க மொதலாளி, ஒக்காருங்க. ஒரு கோப்பி சொல்லவா? நேத்து வரைக்கும் தவுக்கேகிட்ட கூரைக்குச் சட்டம் மாட்டிக்கிட்டிருந்த பய, இன்னிக்கி சொந்தமா கொன்ட்ராக் எடுக்கப் போறானாம். ஒரு ஏணி, ஒரு டிரில்லு, பழைய லோரி ஒன்னு. கூலிம்ல ஒன்னைத் தடுக்க யாருக்குடா தைரியம் இருக்கு மருமவனே!

லைசன் எதுக்குங்கறே. நல்ல கேள்வி. தோட்டத்துல லயத்துக்குக் கூரை போட்ட காலத்துல தொரை தலையாட்டினா அதான் பர்மிட்டு. அப்புறம் 1994ல ஒரு சட்டம் போட்டு சி.ஐ.டி.பி.ன்னு ஒரு கட்டுமான வாரியத்தைக் கொண்டாந்துட்டாங்க. கட்டட வேலை எடுக்கிறவன் எவனா இருந்தாலும் அதுல பதியணும். ஜி1 தொடங்கி ஜி7 வரைக்கும் படி. அடிப்படிக்கு 5,000 வெள்ளி மொதல் காட்டணும். அதுக்கு முன்னாடி எஸ்.எஸ்.எம்.ல வியாபாரம் பதிய, சொந்தப் பேருன்னா வருசத்துக்கு 30 வெள்ளி. ரெண்டு பொட்டி சிகரெட்டுக் காசு. அதைப் போய் எவன் கட்டுவான்? பதியாம மாட்டிக்கிட்டா 10,000 வெள்ளியில ஆரம்பிச்சு 100,000 வரைக்கும் அபராதம், அவ்வளவுதானே. லோரிய வித்துக் கட்டிறலாம். மிச்சத்துக்கு மாமன் இருக்கேன்னு மட்டும் நெனச்சுறாதே.

கிரீன் கார்டா? ஒரு நாள் பூரா பாதுகாப்பு வகுப்புல ஒக்காரணுமாம். சிலிப்பரோட ஓட்டு மேல ஓடுற ஒனக்கு அதெல்லாம் அவமானம்.

அடுப்படிய நீட்டிக் கட்டவும் எழுத்துல அனுமதி வாங்கணும்னு 1974 கட்டடச் சட்டம் 70ஆவது பிரிவு சொல்லுது. டவுன்ல வேலைன்னா கூலிம் நகராண்மைக் கழகம். ஹைடெக் பார்க்குக்குள்ளன்னா அந்த எடத்துக்குத் தனி நிர்வாகம். எங்க மனு குடுக்கிறதுன்னு மத்தவன் அலைவான். நீ எங்கயுமே குடுக்கப் போறதில்ல, பெட்ரோல் மிச்சம்!

இதுல எனக்குப் பிடிச்சது சி.சி.சி.தான். 2007லேருந்து புது வீட்டுக்குக் குடிபோற சான்றிதழை ஆர்கிடெக்டோ இன்ஜினியரோ குடுக்கறாங்க. அதைக் குடுக்கறதுக்கு முன்னாடி, எந்த வேலைய யார் செஞ்சாங்கன்னு பாரம் பாரமாக் கையெழுத்து. செஞ்ச கொன்ட்ராக்டரும் போடணும். அதான் ஒனக்குக் கசக்குது. கூரை சரிஞ்சா பேரு அதுல இருக்குமே!

"திரங்கானுல சுல்தான் மிசான் ஸ்டேடியம் 2008ல தொறந்தாங்க, 2009 ஜூன்ல கூரை விழுந்துச்சே, பேப்பரு என்ன கிழிச்சிச்சு?"ன்னு கேப்பே. நியாயம்தான். பேப்பரு கூரையத் தாங்காது. ஆனா விழுந்ததுக்கு யாரைக் கேக்கறதுன்னு அங்க ஒரு எடம் இருந்துச்சு. ஒன் கூரை ஒரு சாயங்காலக் காத்துல பறந்தா, வீட்டுக்காரன் ஒன் நம்பருக்கு அடிப்பான். நீ அதுக்குள்ள சிம் மாத்தியிருப்பே.

கோப்பி ஆறுது, குடி. திங்கக்கெழம மொத வேலையா எஸ்.எஸ்.எம்.முக்குப் போ, அப்படியே சி.ஐ.டி.பி.யையும் முடி. கையில சர்ட்டிபிகேட் வர்றதுக்கு முன்னாடி என் அடுப்படிக் கூரையில ஏணி சாத்தினே, மொதப் புகாரு இந்த மாமன் குடுத்ததாத்தான் இருக்கும்.